பின்வாங்குதல்: ஒரு வினைச்சொல்லும் மொன்றியலின் மூன்று பின்வாங்கல்களும்

(இணையவழி நேரலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் மாலை, லண்டனில் நள்ளிரவு, யாழ்ப்பாணத்தில் விடியப்போகும் நேரம். தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்குத் தனியாக நன்றி.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன ஆங்கில வினைச்சொல். ‘ஃபோல் பேக்.’ அகராதியைத் திறந்தால் ‘பின்வாங்கு’ என்று இருக்கும். அதோடு வேலை முடிந்தது என்று அகராதியை மூடிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் வசிக்கும் மொன்றியல் நகரத்தின் வரலாற்றைப் பார்த்தால், எங்களுடைய வரலாற்றில் நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி தெரிகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த உரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ஃபோல்’ என்றால் விழு. ‘பேக்’ என்றால் பின்னால். சேர்த்தால் ‘பின்னால் விழு’ என்றுதான் வரவேண்டும். ஆனால் ஒரு தளபதி தன் படையைப் பார்த்து இந்தச் சொல்லைக் கூவினால் யாரும் விழமாட்டார்கள். ஒழுங்காக, வரிசை குலையாமல், பின்னால் இருக்கும் அடுத்த நிலைக்கு நகர்வார்கள். ஆங்கிலத்தில் இப்படி வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தரும் சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பின்வாங்குவதற்கு மட்டுமே ஒரு கைப்பிடி இருக்கிறது. ‘புல் பேக்’ என்றால் தலைமை தன் படையைப் பின்னால் இழுத்துக்கொள்வது. ‘புல் அவுட்’ என்றால் அந்த இடத்தை விட்டே முற்றாக வெளியேறுவது. ‘பேக் டவுன்’ என்றால் ஒரு வாதத்தில் அல்லது உரிமைக் கோரிக்கையில் விட்டுக்கொடுப்பது. ‘பேக் அவுட்’ என்றால் கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவது. நாங்கள் இவை அத்தனைக்கும் ‘பின்வாங்கினார்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். படையும் பின்வாங்குகிறது, மாப்பிள்ளை வீட்டாரும் பின்வாங்குகிறார்கள், வேட்பாளரும் பின்வாங்குகிறார்.

இந்தக் கூட்டத்தில் ‘ஃபோல் பேக்’ என்பதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைச் சொன்னவுடன் ‘எங்கே?’ என்ற கேள்வி கூடவே வருகிறது. ஆற்றங்கரைக்கு, அடுத்த குன்றுக்கு, கோட்டைக்குள் என்று ஓர் இடம் வேண்டும். பின்னால் ஓர் இடம் இருப்பவன்தான் ‘ஃபோல் பேக்’ பண்ண முடியும். பின்னால் இடமில்லாமல் சிதறி ஓடுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது.

தமிழ்ச் சொல்லையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். இன்றைக்கு ‘வாங்கு’ என்றால் கடையில் வாங்குவதுதான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது. பழந்தமிழில் வாங்குதல் என்றால் வளைத்தல், இழுத்தல். வில்லை வாங்கினான் என்றால் விலை கொடுத்து வாங்கினான் என்று பொருள் இல்லை, நாணை இழுத்து வளைத்தான் என்று பொருள். ஆகவே பின்வாங்குதல் என்றால் பின்னால் இழுத்துக்கொள்ளுதல். ‘ரிட்ரீட்’ என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்கும் பின்னால் இழுத்தல் என்றுதான் பொருள். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே படத்தை வரைந்திருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர் இன்னொரு படம் வைத்திருக்கிறார்கள். படை பின்வாங்குவதை ‘ஸ ரெப்லியே’ என்பார்கள். துணியை மடிப்பதுபோலத் தன்னைத் தானே மடித்துக்கொள்வது. அதே பிரெஞ்சில் ‘ரெத்ரெத்’ என்றும் சொல்லலாம். மொன்றியலில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். வேலை ஓய்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் அதே சொல்தான். எங்கள் மாகாண அரசின் ஓய்வூதியத் திணைக்களத்தின் பெயரே ‘ரெத்ரெத் கெபெக்’. போர்க்களத்திலிருந்து திரும்பும் படையும் 65 வயதில் தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பும் மனிதரும் இங்கே ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். மானக்கேடு என்ற வாசனை அந்தச் சொல்லில் கிடையாது.

மொன்றியலின் மூன்று பின்வாங்கல்கள்

பழைய மொன்றியலில் நொத்ர் தாம் வீதியில், நகர மண்டபத்துக்கு எதிரே, ஒரு கல்வீடு இருக்கிறது. ஷாத்தோ ரமெசே என்று பெயர். 1705 இல் மொன்றியல் ஆளுநராக இருந்த குளோட் த ரமெசே கட்டிய வீடு. 1895 முதல் அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்லப்போகும் மூன்று பின்வாங்கல்களில் இரண்டு இந்த வீட்டைத் தொட்டுப் போகின்றன.

முதலாவது 1759. செப்டம்பர் 13 அன்று கியூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் பிரித்தானியப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பிரெஞ்சுத் தளபதி மொங்கால்ம் காயம்பட்டு அடுத்த நாள் இறந்தார். அன்று மாலையே ஆளுநர் வோத்ரை மிச்சப் படையை நடத்திக்கொண்டு மேற்கே ஜாக் கார்ட்டியே ஆற்றுக்குப் பின்வாங்கினார். இராணுவப் பாடநூலின்படி அது சரியான முடிவாக இருக்கலாம். படை தப்பியது, வரிசை காப்பாற்றப்பட்டது, அடுத்த ஆண்டு மீண்டும் சண்டை போட முடிந்தது.

ஆனால் நகரம்? கியூபெக் மதிலுக்குள் பொதுமக்களும் சிறிய காவல் படையும் இருந்தார்கள். உணவு மிகக் குறைவு. அந்தக் காவல் படையின் பொறுப்பு ஓர் அதிகாரியிடம் விடப்பட்டிருந்தது. அவர் பெயர் ழான் பப்தீஸ்த் நிக்கோலா றொக் த ரமெசே. நான் சொன்ன கல்வீட்டைக் கட்டியவரின் மகன். 1708 இல் மொன்றியலில் பிறந்தவர். உணவு தீர்ந்தால் சரணடையலாம் என்று பின்வாங்கிய ஆளுநரே எழுத்தில் நிபந்தனைகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செப்டம்பர் 18 அன்று ரமெசே நகரத்தை ஒப்படைத்தார். அதற்குள் புதிய தளபதி லெவி படையைத் திருப்பிக்கொண்டு உதவிக்கு வந்துகொண்டிருந்தார். உதவி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு பழி யார்மேல் விழுந்தது? பின்வாங்கியவர்கள்மேல் விழவில்லை. விடப்பட்டவர்மேல் விழுந்தது. ரமெசே பிரான்சுக்குப் போய்த் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டி வந்தது.

இரண்டாவது 1760. வசந்த காலத்தில் லெவி கியூபெக்குக்குத் திரும்பி வந்து, ஏப்ரல் 28 அன்று செந்த் ஃபுவாவில் பிரித்தானியரைத் தோற்கடித்தார். இப்போது மதிலுக்குள் பின்வாங்கியவர்கள் பிரித்தானியர். மே மாதம் ஆற்றில் பனி உருகியதும் முதலில் வந்து சேர்ந்த கப்பல்கள் பிரித்தானியக் கப்பல்கள். லெவி மொன்றியலுக்குப் பின்வாங்கினார். மொன்றியலுக்குப் பின்னால் இனி இடமில்லை. மூன்று பக்கத்திலிருந்து மூன்று பிரித்தானியப் படைகள் வந்தன: ஒன்று ஒன்ராறியோ ஏரியிலிருந்து, ஒன்று கியூபெக்கிலிருந்து, ஒன்று ஷாம்ப்ளேன் ஏரிப் பக்கமிருந்து. மொத்தம் 17,000 பேருக்கு மேல். லெவியிடம் மிஞ்சியது இரண்டாயிரத்துச் சொச்சம் வீரர்கள். ஊர்ப்படையினர் தங்கள் வயல்களையும் வீடுகளையும் பார்க்கப் போய்விட்டார்கள்.

பிரித்தானியத் தளபதி அமெர்ஸ்ற் சரணடைவுக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் தோற்ற படைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மரியாதையைக் கொடுக்க மறுத்தார். கொடியோடும் முரசோடும் அணிவகுத்து வெளியேறுவதுதான் அந்த மரியாதை. லெவிக்கு இது பொறுக்கவில்லை. நகருக்கு முன்னால் ஆற்றில் இருக்கும் செந்த் எலென் தீவுக்குப் போய்க் கடைசிவரை போராட அனுமதி கேட்டார். வோத்ரை மறுத்தார். நகரத்தில் மக்கள் இருந்தார்கள். படையின் மானத்துக்காக அந்த மக்களைப் பணயம் வைக்க ஆளுநர் விரும்பவில்லை. 1760 செப்டம்பர் 8 அன்று 55 பிரிவுகள் கொண்ட ஒப்பந்தத்தில் வோத்ரை கையெழுத்திட்டார். எதிரியின் கையில் கொடுக்க மனமில்லாமல் லெவி தன் கொடிகளை அந்தத் தீவில் எரித்தார் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அதே தீவில்தான் 1967 இல் உலகக் கண்காட்சி நடந்தது. இன்றைக்கு மெற்றோவின் மஞ்சள் பாதையில் ஏறினால் ஒரு தரிப்பில் அங்கே இறங்கலாம்.

லெவிக்குப் பிறகு பிரான்சில் மார்ஷல் பட்டம் கிடைத்தது. கியூபெக்குக்கு எதிர்க்கரையில் ஒரு நகரமே அவர் பெயரில் இருக்கிறது. நகரத்தைக் காப்பாற்றிய வோத்ரை பிரான்சில் பஸ்தீய் சிறைக்குப் போனார், விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார். மக்களுக்காகப் பின்வாங்கலை நிறுத்திய மனிதரைவிடக் கொடியை எரித்த மனிதரே கதைகளில் அதிகம் வாழ்கிறார். வென்ற அமெர்ஸ்ற்றின் பெயரில் மொன்றியலில் ஒரு வீதி இருந்தது. பழங்குடி மக்களுக்கு அம்மைக் கிருமியுள்ள போர்வைகளைக் கொடுக்கும் யோசனையை ஆதரித்து எழுதியவர் அவர். 2019 இல் அந்த வீதியின் பெயரை அத்தாத்தெக்கன் என்று மாற்றினார்கள். மோஹாக் மொழியில் சகோதர சகோதரிகள் என்று பொருள்.

மூன்றாவது 1775-76. அமெரிக்கப் புரட்சிக்காரர்கள் கனடாவையும் தங்களோடு சேர்க்க வடக்கே படையெடுத்து வந்தார்கள். மொன்றியலில் இருந்த பிரித்தானிய ஆளுநர் கார்ல்ற்றன் நவம்பர் 11 அன்று நகரத்தை விட்டு ஆற்று வழியே கிளம்பினார். 13 அன்று அமெரிக்கர் உள்ளே வந்தார்கள். வழியில் சொரெல் அருகே கார்ல்ற்றனின் கப்பல்கள் மறிக்கப்பட்டன. புஷெத் என்ற கனடியப் படகோட்டி ஆளுநரைச் சாதாரண ஊர்க்காரனைப் போல உடுத்தச் செய்து, இரவில் துடுப்புச் சத்தம் கேட்காதபடி படகோட்டி, எதிரியின் காவலைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மாறுவேடத்தில் ஓடிய அந்த ஆளுநர்தான் பிறகு கியூபெக்கைக் காப்பாற்றி, பிரபுப் பட்டமும் பெற்றார். அவருக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது, அதற்கு மதிலும் இருந்தது.

அமெரிக்கர் எட்டு மாதம்கூட நிற்கவில்லை. டிசம்பர் 31 அன்று கியூபெக் மீதான தாக்குதல் தோல்வி. அவர்கள் தளபதி மொன்ற்கொமரி அங்கேயே இறந்தார். அம்மை நோய் படையைத் தின்றது. 1776 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் அனுப்பிய பெஞ்சமின் பிராங்க்ளினே மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 70 வயது. அமெரிக்கப் படையின் தலைமையகம் அதே ஷாத்தோ ரமெசே. கனடியரைத் தங்கள் பக்கம் திருப்ப ஓர் அச்சகம் வேண்டும் என்று, பிலடெல்பியாவிலிருந்து ஃப்ளெரி மெப்லே என்ற பிரெஞ்சு அச்சுக்காரரும் தன் இயந்திரத்தோடு வரவழைக்கப்பட்டார். அவர் வந்து சேர்ந்தது மே மாத ஆரம்பம். அதே வாரம் பிரித்தானியக் கப்பல்கள் கியூபெக்குக்கு வந்துவிட்டன. மே 11 அன்று பிராங்க்ளின் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஜூன் நடுப்பகுதியில் அமெரிக்கப் படை மொன்றியலை விட்டுத் தெற்கே பின்வாங்கியது.

அச்சுக்காரர் எங்கே போவார்? அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? மெப்லே நின்றுவிட்டார். பிரித்தானியர் அவரைச் சிறையில் போட்டார்கள், சில வாரத்தில் விட்டார்கள். 1778 ஜூன் 3 அன்று அவர் மொன்றியலின் முதல் பத்திரிகையைப் பிரெஞ்சில் தொடங்கினார். அடுத்த ஆண்டு மறுபடியும் கைது. இந்த முறை மூன்று ஆண்டுச் சிறை. வெளியே வந்து 1785 இல் மறுபடியும் பத்திரிகை. இன்றைக்கு ஆங்கிலத்தில் வரும் மொன்றியல் கசெற் நாளிதழ் தன் தொடக்கத்தை அந்த 1778 க்குத்தான் கொண்டுபோகிறது.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அமெரிக்கரோடு சேர்ந்து போராடிய கனடியர். படை பின்வாங்கியபோது அவர்களும் குடும்பங்களோடு தெற்கே போனார்கள். திரும்பி வர வழியில்லை. போர் முடிந்தபின் நியூயோர்க் மாநிலம் ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கியது. ‘அகதிகள் நிலம்’ என்றே அதற்குப் பெயர். கனடாவிலிருந்து போன அகதிகள்! அந்த இடம் எது தெரியுமா? லக்கோல் எல்லைக் கடவைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷாம்ப்ளேன் வட்டாரம். 2023 மார்ச்சில் மூடப்படும்வரை உலகின் பல நாடுகளிலிருந்தும் அகதிகள் நடந்து வந்த றொக்ஸம் வீதி அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் எண்பதுகளில் அமெரிக்கா வழியாக வந்து கனடாவுக்குள் நுழைந்ததும் இந்த எல்லையால்தான்.

மூன்று கதைகளிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. பின்வாங்கிய படைக்குப் பெயர் இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடம் இருக்கிறது, தேதி இருக்கிறது. பின்வாங்கல் என்ற சொல் அவர்களைப் பற்றியது. மதிலுக்குள் விடப்பட்ட ரமெசே, அச்சு இயந்திரத்தோடு விடப்பட்ட மெப்லே, ஊரைத் தொலைத்துவிட்டுப் படையின் பின்னால் போன குடும்பங்கள், இவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

புறப்புண்ணும் ஆட்டுக்கடாவும்

இனி எங்கள் பக்கம் வருவோம். பின்வாங்கலைப் பற்றி எங்கள் இலக்கியம் என்ன நினைத்தது?

பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது மானம். புறமுதுகு காட்டுதல், புறங்கொடுத்தல், முதுகிடுதல் என்று சொற்களிலேயே முதுகு இருக்கிறது. ஆங்கிலத்தில் பின்வாங்குபவன் விழுகிறான், பிரெஞ்சில் மடிகிறான், தமிழில் முதுகைக் காட்டுகிறான். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் கதையைப் புறநானூறு சொல்கிறது. மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியதால் உண்டான புண் அது என்பார்கள் உரைகாரர்கள். அவன் ஓடவில்லை. ஆனாலும் முதுகில் தழும்பு என்ற நாணத்தில் வடக்கிருந்து உயிர் விட்டான். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டு, அப்படியானால் பால் கொடுத்த மார்பை அறுப்பேன் என்று களத்துக்குப் போன தாயும் புறநானூற்றில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கற்பித்த வீரம் இதுதான். பிறகு வந்த கலிங்கத்துப் பரணியில் தோற்றோடும் கலிங்க வீரர்கள் மயிரைப் பறித்துச் சமணர் போலவும், பாணர் போலவும் வேடம் போட்டுத் தப்புவதைச் செயங்கொண்டார் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். அதையே செய்த கார்ல்ற்றனுக்குக் கனடாவில் வீதிகள் இருக்கின்றன.

ஆனால் இலக்கியத்தில் வேறு இரண்டு குரல்களும் உண்டு. அவற்றை நாங்கள் மேடையில் அதிகம் சொல்வதில்லை.

ஒன்று திருக்குறள். காலமறிதல் என்ற அதிகாரத்தில், ஊக்கம் உள்ளவன் காலம் பார்த்து ஒடுங்கியிருப்பதை வள்ளுவர் சண்டைக் கடாவுக்கு ஒப்பிடுகிறார். முட்டுவதற்கு முன் கடா பின்னால் போகும். அந்தப் பின்னகர்வில் வெட்கம் ஒன்றும் இல்லை, கணக்கு இருக்கிறது. அங்கே அவர் எடுத்த வினை ‘பேர்’. பெயர்தல் என்பதன் இன்னொரு வடிவம்.

இரண்டாவது, தழிஞ்சி என்ற துறை. புறப்பொருள் வெண்பாமாலை இதற்குச் சொல்லும் பொருள், தோற்றுப் புறங்கொடுப்பவர்மீது வாள் ஓச்சாத மறப்பண்பு. அதாவது பின்வாங்குகிறவனை அடிக்காதே. பின்வாங்குகிறவனின் மானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மரபு, துரத்துகிறவனின் கடமையைப் பற்றியும் ஒரு சட்டம் வைத்திருந்தது. 

இரண்டு சொற்கள், ஒரே பாலம்

போர்க்காலத்தில் பத்திரிகை படித்தவர்களுக்கு ஒரு சொற்றொடர் ஞாபகம் இருக்கும். ‘தந்திரோபாயப் பின்வாங்கல்.’ பின்வாங்கல் என்ற சொல் தனியாக வெளியே வர வெட்கப்பட்டது. தந்திரோபாயம் என்ற சால்வையைப் போர்த்துக்கொண்டுதான் வந்தது. புறப்புண்ணுக்கு நாணிய மரபு செய்திக் குறிப்பு எழுதினால் அப்படித்தான் எழுதும். படைகள் எல்லாமே இப்படி எழுதுகின்றன. இலங்கை இராணுவமும் தன் தோல்விகளுக்கு இதமான சொற்களைத் தேடியதுதான்.

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்தை நோக்கி இராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தது. வலிகாமத்து மக்கள் உடனே வெளியேறித் தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பல இலட்சம் மக்கள் ஒரே இரவில், மழையில், செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் பாலத்தாலும் நகர்ந்தார்கள். இந்த நேரலையில் இருக்கும் சிலர் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள். நான் சொல்லி அவர்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுமில்லை. டிசம்பர் 5 அன்று யாழ்ப்பாணக் கோட்டையில் அரசுக் கொடி ஏறியது. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போனபோது மக்களில் பெரும்பகுதியினர் திரும்பி வலிகாமத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் வன்னிக்குப் போனார்கள்.

அதே பாலத்தால் போராளிகளும் போனார்கள், மக்களும் போனார்கள். போராளிகள் போனதற்குப் பெயர் பின்வாங்கல். மக்கள் போனதற்குப் பெயர் இடப்பெயர்வு. முதல் சொல்லில் ஒரு முடிவு இருக்கிறது, முடிவெடுத்த ஒருவர் இருக்கிறார். இரண்டாவது சொல் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல இருக்கிறது. யார் பெயர்த்தது என்று அது சொல்வதில்லை.

இதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்னால், 1990 ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து, உடைமைகளை விட்டுவிட்டு வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அதையும் இடப்பெயர்வு என்று எழுதுகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அந்தச் சொல் அங்கே பொருந்தாது. ஒருவரும் அங்கே பின்வாங்கவில்லை, இடம் மாறவுமில்லை. வெளியேற்றப்பட்டார்கள். வினையைச் செய்தவர் யார் என்பது தெரியும்போது செய்தவர் இல்லாத சொல்லைப் போடுவது மொழிக்குச் செய்யும் அநியாயம் மட்டுமல்ல.

2009 இல் பின்வாங்கல் என்ற சொல்லே தீர்ந்துபோனது. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் அரசு மூன்று தடவை பாதுகாப்பு வலயம் அறிவித்தது. ஒவ்வொரு தடவையும் கடலை நோக்கி. அந்த வலயங்களுக்குள் அரசு எறிகணை வீசியதையும், மக்கள் வெளியேற முயன்றபோது புலிகள் தடுத்ததையும் ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் எழுதியது. இறந்த பொதுமக்களின் எண்ணிக்கை 40,000 வரை இருக்கலாம் என்றும் அந்தக் குழு குறிப்பிட்டது. லெவி தீவுக்குப் போகக் கேட்டபோது மறுக்க ஒரு வோத்ரை இருந்தார். முள்ளிவாய்க்காலில் மக்களுக்காக மறுத்துச் சொல்ல இரண்டு பக்கத்திலும் யாரும் இருக்கவில்லை. தழிஞ்சியும் இருக்கவில்லை.

பின்வாங்கினால் மானம் போய்விடும் என்று நம்பும் சமூகம், பின்வாங்க வேண்டிய நேரத்தில் அதைப் பேசமாட்டாது. பேசாததைத் திட்டமிட முடியாது. திட்டமிடாத பின்வாங்கலில் முதலில் கைவிடப்படுவது நடக்க முடியாதவர்கள்தான். நான் யாருடைய வீரத்தையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லுக்கும் சாவுக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சாய்ந்துகொள்ள ஓர் இடம்

ஆங்கில வினைக்கு இன்னொரு வால் உண்டு. ‘ஃபோல் பேக்’ என்பதோடு ‘ஒன்’ சேர்த்தால் பொருள் முற்றாக மாறிவிடும். வேறு வழி இல்லாதபோது ஒன்றை நம்பிச் சாய்ந்துகொள்வது. வேலை போனால் சேமிப்பில் ‘ஃபோல் பேக் ஒன்’. வியாபாரம் படுத்தால் அண்ணன் வீட்டில். தமிழில் இதைக் கைகொடுத்தது, தஞ்சம் புகுந்தது, அண்டிக்கொண்டது என்று இடத்துக்கு ஏற்பச் சொல்லலாம். 

1986 ஓகஸ்ற் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்கு ஒரு வருட அனுமதி கொடுத்தது. அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். அந்த 155 பேருக்கு அகதிச் சட்டத்தை விட முதலில் கைகொடுத்தது மீனவர்களின் வள்ளம். பிறகு கைகொடுத்தது ஏற்கெனவே மொன்றியலில் இருந்த தமிழர்களின் அறைகள். கோத் தே நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கத்து வாடகை வீடுகளில் ஓர் அறையில் ஆறு பேர் படுத்த காலம் அது. 

இந்த நகரத்திலிருந்தும் பின்வாங்கல்கள் நடந்தன. 1976 நவம்பரில் கியூபெக்கின் பிரிவினைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1977 இல் மொழிச் சட்டம். 1978 ஜனவரியில் சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஆங்கிலேயக் குடும்பங்கள் நெடுஞ்சாலை 401 இல் மேற்கே போனார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து எங்கள் குடும்பங்கள் பலவும் அதே நெடுஞ்சாலையில் அதே திசையில் போயின. வேலை, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு, உறவினர் கூட்டம் என்று காரணங்கள் இருந்தன. நின்றவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் தமிழும் வீதியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தார்கள். போனவர்கள் பிழையும் இல்லை, நின்றவர்கள் வீரரும் இல்லை. இரண்டு பேருக்கும் போக ஓர் இடம் இருந்தது, அதுதான் வித்தியாசம். 1995 ஒக்ரோபரில் பாலத்தில் நின்றவர்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை.

முடிக்கும் முன் அந்தப் ‘பெயர்’ என்ற வினைக்கு ஒருமுறை வருகிறேன். வள்ளுவரின் கடா பின்னால் போன அதே வினைதான் இடப்பெயர்விலும் புலம்பெயர்விலும் இருக்கிறது. பழந்தமிழில் பெயர்தல் என்றால் நகர்தல் மட்டுமில்லை, மீளுதலும் உண்டு. பெயர்த்தும் என்றால் மறுபடியும். நாங்கள் எங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரிலேயே பின்னால் போவதும் திரும்பி வருவதும் இரண்டும் கிடக்கின்றன. எது நடக்கும் என்று சொல்லு சொல்லாது. 

எங்கள் பிள்ளைகள் எங்கள் போரின் வரலாற்றை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் வாசிக்கப்போகிறார்கள். அதில் ‘ஃபோல் பேக்’, ‘ரெப்லி’ என்ற சொற்கள் நிறைய வரும். அவற்றை வாசிக்கும்போது மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். பின்வாங்கியது யார்? எந்த இடத்துக்கு? யாரை விட்டுவிட்டு? முதல் இரண்டுக்கும் பதில் புத்தகத்திலேயே இருக்கும். மூன்றாவதுக்குப் பதில் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் வீட்டில், அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோதான் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கவேண்டும்.